தொட்டால் ஆட்டம், தொட்டால் அவுட்

'டேக் த லீட்' (2006), 'மாஸ்டர்' (2021) என்ற இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு தலைகீழ் ஒற்றுமை. குழந்தைகள்கூட ஆடிக்காட்டும் ஆட்டத்தைத் தந்த தமிழ்ப் படத்தில், ஆசிரியர் யாருக்கும் நடனம் சொல்லித்தருவதில்லை. நடனம் சொல்லித்தருவதையே கதையாகக் கொண்ட அமெரிக்கப் படத்தில் ஆசிரியர் ஆடுவது குறைவு. அந்தோனியோ பண்டேராஸின் பியர் டுலேன் ஒரு டாங்கோவால் மாணவர்களின் கண்ணைக் கட்டிப்போட்டுவிட்டுத் தளத்தை அவர்களிடம் விட்டுவிடுகிறார். விஜய்யின் ஜேடி 'வாத்தி கமிங்' பாட்டில் தோளை உலுக்கும்போது கல்லூரியே அவர் பின்னால் திரள்கிறது. அங்கே ஆசிரியர் ஒதுங்கி இடம் தருகிறார். இங்கே நடுவில் நின்று இடத்தை நிறைக்கிறார்.

இருவரும் வந்துசேரும் விதமும் எதிரெதிர். டுலேன் தானாகக் கேட்டுப் போகிறார். வகுப்பு முடிந்தும் தண்டனையாக உட்கார வைக்கப்பட்ட மாணவர்களை, இவர் எத்தனை நாள் தாங்குவார் என்ற சந்தேகத்தோடுதான் தலைமையாசிரியை ஒப்படைக்கிறார். ஜேடியோ விரும்பிப் போகவில்லை. கல்லூரித் தேர்தல் கலவரம் அவரைச் சிறார் சீர்திருத்தப் பள்ளிக்குத் தள்ளிவிடுகிறது. டுலேன் கோட்டும் டையும் அணிந்து, பெண்களுக்குக் கதவைத் திறந்துவிடும் பண்போடு வருகிறார். ஜேடி குடிபோதையில் வருகிறார். அவர் மயங்கிக் கிடந்த நேரத்தில் அவரை நம்பிய இரண்டு சிறுவர்களின் உயிர் போகிறது. இந்த இடத்தில் தமிழ்ப் படத்துக்கே துணிவு அதிகம் என்பேன். ஆசிரியர் கவனிக்காமல் விட்டால் பிள்ளை என்ன விலை கொடுக்கிறது என்பதை அது நேராகக் காட்டுகிறது. டுலேனிடம் அப்படி ஒரு கறையும் இல்லை. அதனாலேயே அவரை மதிக்க முடிகிற அளவுக்கு அவருக்காகப் பதற முடிவதில்லை.

ஆனால் இரண்டு படங்களின் உண்மையான உறவு, எதிர்பாராத ஓர் இடத்தில் இருக்கிறது: தொடுதலில். வால்ட்ஸ் ஆட ஒருவர் கை நீட்ட வேண்டும், மற்றவர் சம்மதித்துக் கை கொடுக்க வேண்டும். ராக், லாரெட் என்ற இரு மாணவர்களின் அண்ணன்மாரும் ஒரே மோதலில் இறந்தவர்கள். பகையைச் சுமக்கும் அந்த இருவரையும் ஒரே பிடியில் நிற்க வைப்பதுதான் படத்தின் கடினமான பாடம். 'மாஸ்டர்' படத்தின் சீர்திருத்தப் பள்ளி மைதானத்தில் நடப்பது கபடி. வால்ட்ஸில் தொட்டால் ஆட்டம் தொடங்குகிறது. கபடியில் தொட்டால் அவுட். என்றாலும் இரண்டுமே விதிக்கு உட்பட்ட தொடுதல்கள். அடிப்பதற்கு மட்டுமே கை நீண்டு பார்த்த பிள்ளைகளுக்கு, இன்னொரு உடலை எப்போது, எங்கே, எவ்வளவு தொடலாம் என்று விதி வகுத்துத் தருபவை. பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியையையே ஜோடியாக அழைத்து ஆடி, டுலேன் இதைப் பொறுமையாக விளக்குகிறார். ஜேடியின் கபடி விளக்கத்துக்கு நிற்காமல் சீக்கிரமே சண்டையாகிவிடுகிறது. அருமையான ஒரு பாடத்தைப் படம் பாதியில் கைவிட்டது என்பதே என் வருத்தம்.

ஜோடி நடனம் நியூயார்க்குக்கு உரியது, குத்து நமக்கு உரியது என்று பிரித்து வைப்பதும் சென்னையின் தாம்பரம் ரயில் பாதையில் செல்லாது. பரங்கிமலையிலும் பல்லாவரம் வெட்டரன் லைன்ஸிலும் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துகளில் வால்ட்ஸும் ஜைவும் ஆடின. அதே பாதையின் இருபக்கத் தெருக்களிலும் சாவு ஊர்வலத்தில் மேளம் அதிர்ந்தது, கானா ஒலித்தது. 'வாத்தி கமிங்' பாட்டை எழுதி, அனிருத்தோடு பாடியவர் கானா பாலச்சந்தர். கெர்ஷ்வின் காலத்து மெட்டை ஹிப்-ஹாப் தாளத்தில் ஏற்றும் டுலேனின் மாணவர்களுக்கு இந்தப் பாதை அந்நியமாக இருந்திருக்காது.

இரு படங்களும் காலத்தில் பின்னோக்கிக் கை காட்டுகின்றன. படத்துக்கு மூலமான அசல் பியர் டுலேன் 1994இல் தொடங்கிய நடனத் திட்டம் பத்து, பதினொரு வயது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. தண்டனை அறையும் பதின்வயதும் படத்துக்காகச் சேர்க்கப்பட்டவை. பிள்ளை கெடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர் அவர். 'மாஸ்டர்' படத்தில் அப்படி யாரும் போய்ச் சேராத பிள்ளை பவானி. சீர்திருத்தப் பள்ளியில் அடித்து நொறுக்கப்பட்ட அந்தச் சிறுவனே, விஜய் சேதுபதியாக வளர்ந்து, அதே பள்ளியின் பிள்ளைகளைத் தன் குற்றங்களுக்குப் பலிகொடுக்கிறான். ஒருவர் வரலாற்றில் இருப்பதும் மற்றவன் கதையில் இருப்பதும், பிள்ளையிடம் யார் முதலில் போய்ச் சேர்வது என்ற ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள்.

தென்புறநகர் வாசகருக்கு இதில் 'மாஸ்டர்' காட்டும் அடி கற்பனையாகத் தோன்றாது. தாம்பரம் பகுதியிலிருந்து செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு சிறுவன், 2022 டிசம்பர் முடிவில் அங்கே தாக்கப்பட்டு இறந்தான். இல்லப் பணியாளர்கள் கைதானார்கள். பிறகு இத்தகைய இல்லங்களை ஆராய நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. பூட்டிய கதவுக்குள் நடக்கும் வன்முறையை 'டேக் த லீட்' அறியாது. அதன் அறையில் இருப்பது புறக்கணிப்பு மட்டுமே. ஆனால் மாலை நேரத்தை என்ன செய்வது என்பது அதற்குத் தெரியும். பவானியைத் தேடிக் கதை புறப்பட்டதும் 'மாஸ்டர்' மறந்துவிடும் விஷயம் அது. டுலேனின் திட்டத்துக்கு ஒரு கால அட்டவணை உண்டு: பத்து வாரம், இருபது வகுப்பு. செங்கல்பட்டில் அந்த இருபது மாலைகளில் பறை ஒலிக்கலாம், கபடி நடக்கலாம், வால்ட்ஸும் ஆடலாம். வாரம் தவறாமல் வந்து அவற்றை நடத்த ஒருவர் வேண்டும்.