தொடக்கக் கடிப்பயிற்சி (காவல்நாய் விளையாட்டு)

தொடக்கக் கடிப்பயிற்சி என்பது காவல்நாய் விளையாட்டுகளில் பங்கேற்கவிருக்கும் நாய்க்கு, குட்டிப் பருவத்திலிருந்தே சரியாகக் கவ்வக் கற்றுக்கொடுக்கும் படிநிலைப் பயிற்சி. மனிதர்மீது வெறியூட்டுவது இதன் நோக்கமன்று. ஓடும் பொருளைத் துரத்திப் பிடிக்கும் இயல்பான ஆவலை, வாய் நிறைந்த அமைதியான பிடியாக வளர்த்தெடுப்பதே நோக்கம்.

பின்னணி

இத்தகைய விளையாட்டுகளில் ஒன்று ஜெர்மனியில் ‘ஷூட்ஸ்ஹுண்ட்’ என்ற பெயரில் உருவானது. 1899இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் நிறுவிய ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்ச் சங்கம், இனப்பெருக்கத்துக்கு உரிய நாய்களை அழகை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், உழைக்கும் திறனையும் சோதித்துத் தேர்ந்தெடுக்க விரும்பியது. அந்தச் சோதனையே பின்னர் போட்டியாக வளர்ந்தது. 2019 முதல் அனைத்துலக அளவில் இதற்கு ஐ.ஜி.பி. என்று பெயர். மோப்பத்தடம் தொடர்தல், கீழ்ப்படிதல், காவல் ஆகிய மூன்று பிரிவுகளுக்கும் தலா 100 புள்ளிகள் உண்டு. ஜெர்மன் ஷெப்பர்டுடன் மலினுவா, ராட்வைலர், டாபர்மேன், பாக்ஸர் போன்ற இனங்களும் பங்கேற்கின்றன. ஐ.ஜி.பி.யில் நாய், எதிராளியாக நடிக்கும் உதவியாளரின் கைக்கவசத்தை மட்டுமே கவ்வலாம். பிரெஞ்சு ரிங் என்னும் மற்றொரு காவல்நாய் விளையாட்டில் அவர் உடல் முழுவதும் கவச உடை அணிவதால் கால்களையும் கவ்வலாம். எனவே எந்த விளையாட்டுக்கு வளர்க்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்வது நல்லது.

இரு உந்துதல்கள்

ஜெர்மன் பயிற்சியாளர் ஹெல்முட் ரைசர் போன்றோர் கடிப்பயிற்சியை இரை உந்துதல், தற்காப்பு உந்துதல் என இரண்டாகப் பகுத்து விளக்கினர். முதலாவது துரத்தும் இன்பத்திலிருந்தும், இரண்டாவது அச்சுறுத்தலை எதிர்கொள்வதிலிருந்தும் பிறக்கின்றன. குட்டியிடம் முதலாவதை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மனமுதிர்ச்சி இல்லாத நாயை மிரட்டினால், அது வாயின் முன்பகுதியால் கவ்வும், பிடியை மாற்றிக்கொண்டே இருக்கும், உறுமும், தப்ப வழி தேடும். அச்சத்தில் பதிந்த பழக்கத்தைப் பின்னாளில் திருத்துவது மிகவும் கடினம்.

படிநிலைகள்

பயிற்சி மென்மையான கந்தைத் துணியில் தொடங்குகிறது. துணியைக் கழியின் முனையில் கயிற்றால் கட்டியும் ஓடவிடலாம். அதைக் குட்டியின் முகத்துக்கு நேரே நீட்டக்கூடாது. இரை வேட்டைவிலங்கை நோக்கி வருவதில்லை, விலகியே ஓடும். எனவே துணி பக்கவாட்டில், முயலைப்போல் வளைந்து வளைந்து ஓட வேண்டும். குட்டி கவ்வியதும் சற்றுப் போராடிவிட்டு, அதற்கே விட்டுக்கொடுக்க வேண்டும். வென்ற பொருளை வாயில் ஏந்தி உரிமையாளருடன் வட்டமாக நடக்கும்போது, குட்டி அதை மெல்லாமல் நிதானமாகப் பிடித்திருக்கப் பழகுகிறது.

துணிக்குப் பிறகு சணல் துணியால் தைத்த கடிசுருள், அடுத்து அகன்ற கடிமெத்தை, பின்னர் இளநாய்களுக்கான மென்மையான கைக்கவசம் என்று கருவி மாறுகிறது. ஒன்றை முழுவாயால் கவ்வத் தேர்ந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். பயிற்சி சில நிமிடங்களே நடக்கும். ஆவல் உச்சத்தில் இருக்கும்போதே முடித்தால், அடுத்த முறை நாய் இன்னும் ஆர்வத்துடன் வரும்.

நல்ல பிடி

பொருள் கடைவாய்வரை சென்று வாயை நிறைக்க, நாய் குதறாமல், அமைதியாக, ஒரே அழுத்தத்தில் பிடித்திருப்பதே நல்ல பிடி. இதை வளர்க்க உதவியாளர் இழுவையை ஒரு கணம் தளர்த்துவார். அந்தக் கணத்தில் நாய் முன்னோக்கி உந்தி ஆழமாகக் கவ்வினால், பொருளை உடனே வென்றுவிடும். ஆழமாகக் கவ்வினால் வெற்றி என்பதை அது தன் அனுபவத்தால் அறிகிறது. ஆகவே பயிற்சியின் தரம் பெரும்பாலும் கவசம் அணியும் உதவியாளரின் கையில் இருக்கிறது. நாயின் தசை இறுக்கம், மூச்சு, கண்பார்வை ஆகியவற்றைப் படித்து, தளர்த்தும் கணத்தை அவர் தவறாமல் பிடிக்க வேண்டும்.

உடல் பாதுகாப்பு

ஏறத்தாழ 4 மாதத்தில் தொடங்கி 6 அல்லது 7 மாதம்வரை 28 பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கின்றன. அப்போது ஈறு வலிக்கும் என்பதால் இழுத்துப் போராடும் பயிற்சியை நிறுத்திவிடுவது வழக்கம். கவ்வினால் வலிக்கும் என்று ஒருமுறை பதிந்தால் நாய் தயங்கத் தொடங்கும். வளரும் எலும்புகளையும் கழுத்தையும் காக்க, குட்டியைக் கவ்விய நிலையில் தூக்கிச் சுழற்றக்கூடாது. வழுக்கும் தரையிலும் பயிற்றக்கூடாது. இழுவை கழுத்தில் விழாதபடி அகன்ற மார்புப்பட்டை அணிவிப்பது நல்லது.

அடுத்த கட்டம்

பிடி உறுதிப்பட்ட பிறகே சொன்னதும் விடுதல், குரைத்துக் காவலிருத்தல், உதவியாளரின் எதிர்ப்பைத் தாங்குதல் ஆகியவை ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. ஐ.ஜி.பி. முதல்நிலைத் தேர்வுக்கு நாய்க்கு 18 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். அதுவரை கிடைக்கும் காலத்தைப் பிடியை அமைதிப்படுத்தவே செலவிட வேண்டும். விளையாட்டாகக் கவ்வக் கற்ற நாய்க்குச் சொன்னதும் விடுவதும் எளிதாகிறது. விடக் கற்ற நாயே மனிதரிடையே பாதுகாப்பாக வாழத் தகுந்தது.