நீலக்கதிரும் எரிந்த சுருள்களும்

வீட்டிலிருந்து படம் பார்க்கும் இறுவட்டுக்களுக்கும் ஒரு யுத்தம் நடந்தது. பத்திரிகைகள் அதை யுத்தம் என்றுதான் எழுதின. ஒருபுறம் சோனியும் கூட்டாளிகளும் கொண்டுவந்த புளூரே. மறுபுறம் தோஷிபாவின் எச்.டி. டிவிடி. இரண்டும் 2006இல் கடைக்கு வந்தன. இரண்டையும் வாசிப்பது 405 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீலஊதாக் கதிர். பழைய டிவிடியின் சிவப்புக் கதிர் 650 நனோமீற்றர். பேனைமுனை கூரானால் அதே தாளில் கூட எழுதலாமல்லவா, அதுதான் சங்கதி. டிவிடியின் ஒரு படையில் 4.7 ஜிகாபைற், எச்.டி. டிவிடியில் 15, புளூரேயில் 25.

2008 ஜனவரி 2ஆம் திகதி இலங்கை அரசு போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து விலக முடிவெடுத்தது. இரண்டு நாள் கழித்து, 4ஆம் திகதி, வோர்னர் நிறுவனம் இனிப் புளூரே மட்டுமே என்று அறிவித்தது. பெப்ரவரி 19இல் தோஷிபா தனது வடிவத்தைக் கைவிட்டது. ஏழு கிழமைக்குள் எல்லாம் முடிந்தது. அந்த யுத்தத்தில் செத்தவர் எவருமில்லை.

வென்ற தட்டிலும் எல்லைக்கோடு கீறினார்கள். ஐரோப்பா பி வலயம், இந்தியாவும் இலங்கையும் சி வலயம். அங்கே பூட்டிய தட்டு இங்குள்ள பெட்டியில் ஓடாது. பூட்டுவதும் விடுவதும் வெளியிடுபவரின் விருப்பம். தட்டுக்கும் விசா வேண்டுமென்பதை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. எவ்வளவு நுண்ணிய கதிராலும் மூலத்தில் இல்லாததை வாசிக்க முடியாது. எனக்கு முன் பலெர்மோவுக்கு வந்தவர்கள் கொப்பிக்குக் கொப்பியெடுத்த வீஎச்எஸ் கசெற்றுகளில் படம் பார்த்தவர்கள். அந்தக் கசெற்றைப் புளூரேயில் ஏற்றினாலும் அதே மழைதான் பெய்யும். நல்ல தட்டுக்கு நல்ல படச்சுருள் வேண்டும், கூடுமானால் கமராவில் ஓடிய நெகற்றிவ்வே வேண்டும்.

இந்த நகரத்துக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. விஸ்கொந்தியின் ‘இல் கத்தோபார்தோ’ 1963இல் வெளிவந்தது. நாற்பது நிமிடங்களுக்கு மேல் நீளும் அதன் நடன விருந்து இங்குள்ள கான்ஜி மாளிகையில் எடுக்கப்பட்டது. நான் கோப்பை கழுவும் றெஸ்ரோரன்டிலிருந்து அங்கே நடந்தே போகலாம். சாதாரண 35 மில்லிமீற்றர் சுருளைப் படுக்கையாக ஓடவிட்டு, ஏறத்தாழ இரட்டைப் பரப்பில் பதியும் டெக்னிராமா முறையில் பிடித்த படம் அது. நெகற்றிவ் பிழைத்திருந்தது. பொலோஞாவிலுள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா ஆய்வுகூடத்தில் செப்பனிட்டு 2010இல் கான் விழாவில் காட்டினார்கள். இன்று தட்டில் பார்க்கையில் கிளவ்தியா கர்தினாலேயின் சட்டை மடிப்பும் பேர்ட் லங்காஸ்ரரின் நெற்றி வியர்வையும் தெரிகின்றன. அந்தப் பிரபுக்களின் வியர்வை அரை நூற்றாண்டு பத்திரமாக இருந்திருக்கிறது!

எங்கள் பக்கத்துக் கதை ஹெந்தளையில் இருக்கிறது. கொழும்புக்கு வடக்கே அங்கே கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ இருந்தது. 1983 யூலையில் அதை எரித்தார்கள். பல படங்களின் நெகற்றிவ்களும் அதோடு போயின. முதலாளி தமிழர், எரிந்த படங்களிலோ பெரும்பாலானவை சிங்களப் படங்கள். லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் ‘சந்தேசய’வைத் தயாரித்தவரும் இதே குணரத்தினம்தான். கொளுத்தியவர்கள் தங்கள் சினிமாவையும் சேர்த்தே கொளுத்தினார்கள்.

நெகற்றிவ் இல்லாவிட்டால் எல்லாமே முடிந்தது என்றுமில்லை. பீரிஸின் ‘நிதானய’ 1972இல் வந்தது. அதன் நெகற்றிவ்வும் தொலைந்துவிட்டது. ஆனால் புனேயிலுள்ள இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகத்தில் பிரதிகள் இருந்தன. அவற்றை வைத்து 2013இல் படத்தை மீட்டெடுத்தார்கள், அதே பொலோஞா ஆய்வுகூடத்தில்.

பீரிஸுக்கு உலகப் பெயர் இருந்தது, தேடினார்கள். காவலூர் இராஜதுரை எழுதி, தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் இயக்கிய ‘பொன்மணி’யை யார் தேடுவார்? 1977இல், சாதியைத் தொட்டுப் பேசிய தமிழ்ப் படம், இயக்கியவர் சிங்களவர். எங்கள் சங்கங்கள் மண்டபத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவழிப்பதில் ஒரு பங்கு இதற்கும் போகலாம் என்பது என் அபிப்பிராயம்.

தட்டுக்களின் காலமும் மங்குகிறது. சம்சுங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூரே பெட்டிகள் செய்வதை நிறுத்தியது. பதிவு செய்யும் புளூரே தட்டுக்களைச் சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. அதற்கு நான் அழப்போவதில்லை. ‘பொன்மணி’யின் 35 மில்லிமீற்றர் பிரதியொன்று எவர் வீட்டு மாடத்திலாவது இருக்குமென்றால், அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இதே இத்தாலியில்தான் இருக்கிறார்கள்.