கெர்னல் எழுதும் ஏடு

மாத்ரிமந்திரும் செம்மண் மேட்டில் வளர்த்தெடுத்த காடும்தான் ஆரோவில் என்றதும் நினைவுக்கு வருபவை. 1980களில் அங்கே ஆரெலெக் என்ற பெயரில் கணினிகள் தயாராகின என்பதை இன்று அறிந்தவர்கள் குறைவு. அந்தப் பத்தாண்டில் ஐபிஎம் பிசியின் அமைப்பைப் பின்பற்றியவர்கள், எந்த நாட்டில் இருந்தாலும், அதன் பற்றாக்குறையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். 1981இல் வந்த அந்த இயந்திரத்தில், சாதனங்கள் செயலியைக் கூப்பிடும் குறுக்கீட்டுத் தடங்கள் எட்டே எட்டு. 8259 என்ற ஒரே சில்லு அவற்றைக் கவனித்தது. கடிகாரம், விசைப்பலகை, இரண்டு சீரியல் போர்ட்டுகள், பிளாப்பி, பிரிண்டர் என்று எடுத்தது போக, புதிதாக ஒரு கார்டு செருகினால் அதற்குத் தடம் தேட வேண்டியிருந்தது. 1984இல் வந்த ஏடி கணினி இரண்டாவது சில்லு ஒன்றைச் சேர்த்தது. இரண்டையும் இணைக்கவே ஒரு தடம் செலவானதால் கிடைத்தவை 15. சாதனங்களோடு செயலி பேசும் போர்ட் முகவரிகளின் கதையும் இதுதான். செயலி 65,536 முகவரிகளைத் தந்தாலும் பெரும்பாலான கார்டுகள் பத்து முகவரிக் கம்பிகளை மட்டுமே பார்த்தன. அதனால் புழக்கத்தில் இருந்தவை 1,024. அதிலும் முதல் 256 மதர்போர்டுக்குப் போய்விட்டது.

இதன் பிறகான வரலாற்றை வழக்கமாக ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்: முன்பு மனிதன் கையால் பங்கிட்டான், இப்போது இயந்திரமே பங்கிட்டுக்கொள்கிறது. பாதி உண்மை இது. எந்தத் தடம், எந்த முகவரி யாருக்கு என்று குறிக்கும் ஓர் ஏடு எப்போதும் உண்டு; மாறியது பெரும்பாலும் அதை எழுதும் கைதான். அந்த ஏட்டை எல்லோரும் மதித்தாக வேண்டும் என்ற நிலை இன்றுவரை மாறவில்லை.

பிசிக்கு முந்தைய காலத்தில் ஏடு ஒரே மேசையில் இருந்தது. ஜெர்மனியின் உதவியால் 1973இல் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370/155 போன்ற பெருங்கணினிகளில், எந்தச் சாதனம் எந்த முகவரியில் இருக்கிறது என்பதை இயங்குதளத்தை உருவாக்கும்போதே அறிவித்தாக வேண்டும். தொடக்ககால யூனிக்ஸிலும் அந்த அட்டவணை, இயங்குதளத்தின் கருவான கெர்னலோடு சேர்த்தே கம்பைல் செய்யப்பட்டது. எழுதுபவர் ஒருவரே என்பதால் மோதலுக்கு இடம் குறைவு. பிசி அதைச் சிதறடித்தது. கார்டு செய்யும் ஆயிரம் கம்பெனிகளுக்குப் பொதுவான அலுவலகம் எது? சென்னை ரிச்சி தெருவில் கணினி அசெம்பிள் செய்தவர் ஜம்பரை நகர்த்தி முகவரியைத் தீர்மானிப்பார். ஒலி அட்டைக்கு 220 (இந்த முகவரிகள் பதினாறடிமான எண்கள்), ஐந்தாம் தடம் என்றால் அதையே டாஸின் தொடக்கக் கோப்பிலும் ஒரு வரியாக எழுதிவைப்பார். ஜம்பரும் அந்த வரியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க டாஸிடம் ஏதும் இல்லை.

அந்த ஏட்டை கெர்னலுக்குள் கொண்டுவந்தவற்றில் லினக்ஸும் ஒன்று. சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர், போர்ட்டுகளைத் தொடுவதற்கு முன், இன்ன எண்ணிலிருந்து இத்தனை எனக்கு வேண்டும் என்று கெர்னலிடம் கேட்கும். வேறு யாரும் எடுக்கவில்லை என்றால் அதன் பெயரில் பதிவாகும். இதைப் பூட்டு என்று நினைத்துவிடக் கூடாது. டிரைவரும் கெர்னலின் அதே உரிமையோடுதான் ஓடுகிறது. கேட்காமலே அந்த போர்ட்டில் எழுதினால் தடுக்க ஆளில்லை. மரக்காணத்து உப்பளத்தில் எந்தப் பாத்தி யார் பொறுப்பு என்று ஏட்டில் இருக்கலாம், ஆனால் ஏடு வரப்பில் நின்று காவல் காக்காது. பதிவு முறையிலேயே ஓட்டை இருந்த காலமும் உண்டு. இடம் காலியா என்று பார்ப்பது ஓர் அழைப்பு, எடுத்துக்கொள்வது இன்னோர் அழைப்பு. இரண்டுக்கும் நடுவே வேறொரு டிரைவர் புகுந்துவிட முடியும். பார்ப்பதற்கென்று தனியாக இருந்த அந்த அழைப்பு பின்னர் கைவிடப்பட்டது. 300ஆம் முகவரியில் நெட்வொர்க் கார்டு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தே கணினி உறைந்துபோன அந்தக் காலத்தில், 'இந்தப் பகுதியைத் தொடாதே' என்று பூட் செய்யும்போதே மனிதன் கட்டளை தர வேண்டியிருந்தது.

1993இல் வந்த பிளக் அண்ட் பிளே இதையெல்லாம் தீர்த்துவிடவில்லையா என்று கேட்கலாம். அதன் முறை அழகானது. ஒவ்வொரு கார்டுக்கும் 72 பிட் அடையாளம் உண்டு. எல்லாக் கார்டுகளும் தங்கள் எண்ணை ஒரே நேரத்தில் பிட் பிட்டாகச் சொல்லத் தொடங்கும். தன் பிட் 0 என்றிருக்க, வேறொரு கார்டு 1 என்று சொல்வதைக் கேட்ட கார்டு அந்தச் சுற்றில் வாயை மூடிக்கொள்ளும். கடைசியில் எஞ்சும் கார்டுக்கு ஓர் எண் கிடைக்கும். பிறகு அடுத்த சுற்று. இதில் கலந்துகொள்ளாத பழைய கார்டுகளை என்ன செய்வது? பயாஸ் திரைக்குப் போய், ஐந்தாம் தடம் பழையதற்கு என்று ஒதுக்கிவைத்தது மனிதன்தான்.

கார்டுகளை இணைக்கும் பிசிஐ முறை வந்தபின் பற்றாக்குறையே போய்விட்டது என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஒரே தடத்தைப் பல சாதனங்கள் பகிரலாம். 1998இல் வந்த பிசிஐ 2.2, தடமே இல்லாமல் நினைவகத்தில் ஒரு செய்தியை எழுதிக் குறுக்கிடும் வழியையும் தந்தது. ஆனால் பகிர்வு நடப்பது எதை நம்பி? குறுக்கீடு வந்ததும் அந்தத் தடத்தின் டிரைவர்களைக் கெர்னல் கூப்பிடும். இது என்னுடையது அல்ல என்று ஒவ்வொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு லட்சம் குறுக்கீடுகளில் 99,900க்கு மேல் யாரும் உரிமை கோராவிட்டால், 'யாரும் கவனிக்கவில்லை' என்று எழுதிவிட்டு லினக்ஸ் அந்தத் தடத்தையே அடைத்துவிடும். தண்டனை என்று சொன்னால் இதுதான், அதுவும் காலம் கடந்து. சாதனம் நினைவகத்தின் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று ஐஓஎம்எம்யூ கட்டுப்படுத்துவது உண்மையான காவல், மறுக்கவில்லை. அது கட்டுவது சாதனத்தைத்தான். ஒரு டிரைவர் இன்னொன்றின் போர்ட்டுகளில் கைவைப்பதை அது பார்ப்பதில்லை.

பற்றாக்குறை குறையக் குறைய ஏடு சுருங்கியிருக்க வேண்டும், ஆனால் வளர்ந்துதான் இருக்கிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் கெர்னல் நிரலாளர் மார்ட்டின் மாரெஸும் 1999இல் அதை ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மர அமைப்பாக மாற்றினார்கள்: பஸ்களை இணைக்கும் பாலத்தின் பகுதிக்குள் கார்டு, கார்டுக்குள் டிரைவர். 2007இல் டெஜுன் ஹியோவின் பணியால், டிரைவர் விலகும்போது அது எடுத்தவை தாமே திரும்பிவரும் முறை சேர்ந்தது. எடுத்ததைத் திருப்பித்தர மறக்கும் டிரைவர்கள் அவ்வளவு இருந்தன என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

சென்னை ஐஐடியின் சக்தி செயலி 2018இல் லினக்ஸை ஓட்டியது. அதைப் போன்ற ஆர்ஐஎஸ்சி-வி வகைச் செயலிகளில், தன் சில்லுக்குள்ளேயே இருக்கும் சீரியல் போர்ட் எங்கே, அதன் குறுக்கீட்டு எண் என்ன என்று கெர்னலால் கேட்டறிய முடியாது. பெரும்பாலும் டிவைஸ் ட்ரீ என்ற உரைக்கோப்பில் பொறியாளர் எழுதித் தருவதைத்தான் அது நம்புகிறது. முகவரியில் ஓர் இலக்கம் பிசகினாலும், அந்த இடத்தை வேறு யாரும் கேட்டிராத வரை, கெர்னல் அதையும் ஏட்டில் ஏற்றிக்கொள்ளும்.