மரத்தடி மேய்ச்சலும் கொறங்காடும்

சின்னப் பிள்ளையில் ஏரிப் புறம்போக்கில் ஆடு ஓட்டியிருக்கேன். இப்போ குழுக் கடனில் ஆடு வாங்கிடலாம், மேய்க்கத்தான் இடமில்லை.

இதே வறட்சி பூமியான காங்கயம், தாராபுரம் பக்கம் பல தலைமுறைக்கு முன்பே சொந்த நிலத்தையே மேய்ச்சலுக்கு விட்டார்கள். அதுதான் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், அடியில் கொழுக்கட்டைப் புல். மழைக்குப் புல் தழையும். கோடையில் அது காய்ஞ்சால் வெள்வேலங்காய் உதிரும்; ஆடுகள் பொறுக்கித் தின்னும். காட்டைப் பிரித்து அடைத்து மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். ஒரு பக்கம் மேயும்போது மறுபக்கம் துளிர்க்கும். காங்கயம் மாடு வளர்ந்தது இந்தக் காட்டில்தான். அந்த இனத்தைக் காத்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரிய பேர். ஆடுமாடு ஓட்டிப்போன பொம்பளைகள் பேரை யார் எழுதி வைத்தார்கள்?

செந்துறை, ஆண்டிமடம் பக்கம் நமக்கு முந்திரித் தோப்பு இருக்கு. ஆனால் கொழுக்கட்டைப் புல்லுக்கு வெயில் வேணும், அடர்ந்த நிழலில் வராது. ஓரளவு நிழல் தாங்குவது கினியாப் புல். தென்னந்தோப்பில் ஊடுபயிராகப் போடுகிறார்கள். வேர்பிடித்த பிறகு சுமார் 45 நாளுக்கு ஒரு அறுப்பு. அதற்குத் தண்ணி கட்டணும். கிணறு இல்லாத மானாவாரிக்காரிக்கு வெள்வேலும் கொழுக்கட்டையும்தான் தோது.