நூற்றவளின் பெயர்

ஆங்கிலத்தில் ‘ஸ்பின்ஸ்டர்’ என்றால் வயது கடந்தும் மணமாகாத பெண். சற்றே இளக்காரம் கலந்த சொல். ஆனால் பிரித்துப் பார்த்தால் அதற்குள் கல்யாணப் பேச்சே இல்லை. ‘ஸ்பின்’ என்பது நூல் நூற்பது. ‘ஸ்டர்’ ஒரு பெண்பால் விகுதி. இரண்டும் சேர்ந்தால் ‘நூற்பவள்’, அவ்வளவுதான்.

பழைய ஆங்கிலத்தில் ஒரு தொழிலைச் செய்யும் ஆணுக்கு ‘எரே’, பெண்ணுக்கு ‘எஸ்ட்ரே’ என்று இரு விகுதிகள் இருந்தன. முன்னது இன்று ‘எர்’ ஆகவும், பின்னது ‘ஸ்டர்’ ஆகவும் நிற்கின்றன. ரொட்டி சுடுபவன் பேக்கர், சுடுபவள் பாக்ஸ்டர். நெய்பவள் வெப்ஸ்டர். நம் ‘குறத்தி’யில் ‘த்தி’ பார்க்கும் வேலையை அங்கே ‘ஸ்டர்’ பார்த்தது.

காலப்போக்கில் அந்த விகுதியின் பெண்பால் தேய்ந்தது. குறிப்பாக வட இங்கிலாந்தில் ஆண்களுக்கும் அதே பெயர்கள் வழங்கின. பிறகு குடும்பப் பெயர்களாக நிலைத்தன. 1828-இல் புகழ்பெற்ற அமெரிக்க ஆங்கில அகராதியை வெளியிட்ட நோவா வெப்ஸ்டர் ‘நெய்பவள்’ என்ற பெயரைச் சுமந்தவர்தான். தைப்பவளைக் குறித்த ‘சீம்ஸ்டர்’ தன் பெண்பாலை இழந்ததும், பிரெஞ்சு வழி வந்த ‘எஸ்’ விகுதியையும் ஒட்டி ‘சீம்ஸ்ட்ரெஸ்’ என்றார்கள். ஒரே சொல்லில் இரண்டு பெண்பால் விகுதிகள்! ‘கேங்ஸ்டர்’, ‘யங்ஸ்டர்’ என்று புதுச் சொற்கள் பிறந்தபோது ‘ஸ்டர்’ பெண்ணை முற்றிலும் மறந்திருந்தது.

‘ஸ்பின்ஸ்டர்’ மட்டும் பெண்ணை விட்டு விலகவில்லை. அந்த வேலை பெண்களிடமே இருந்ததுதான் காரணம். நூற்பவள் ஆட்டு ரோமத்தை ஒரு நீண்ட கோலின் தலையில் சுற்றி, கோலை இடுப்பில் செருகிக்கொள்வாள். ஒரு கையால் இழையை மெல்ல இழுத்துவிட்டு, மறு கையால் கதிரைச் சுழற்றித் தொங்கவிடுவாள். அடியில் கோத்த சிறு வட்டின் எடையில் கதிர் சுழலச் சுழல இழை முறுக்கேறும். நடந்துகொண்டே செய்யலாம், குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல கைகள் வேண்டும் என்பதால், கணவன் சம்பாத்தியம் இல்லாதவளுக்கும் அதில் ஒரு பிழைப்பு இருந்தது. நற்றிணையிலும் ஆண் துணையில்லாத பெண்கள் தம் உழைப்பால் நூற்ற நுண்ணிய நூல் பேசப்படுகிறது. நூற்புக்கும் தனித்து வாழும் பெண்ணுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

இங்கிலாந்தின் சட்ட ஆவணங்களில் ஆளின் பெயரோடு தொழிலையும் எழுதுவது வழக்கமாக இருந்தது. மணமாகாத பெண்கள் பலருக்கு ‘ஸ்பின்ஸ்டர்’ என்று எழுதி எழுதி, 17-ஆம் நூற்றாண்டில் அதுவே ‘மணமாகாதவள்’ என்பதற்கான சட்டச் சொல்லாயிற்று. 1764 வாக்கில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் செய்த ‘ஸ்பின்னிங் ஜென்னி’ ஒரே நேரத்தில் எட்டுக் கதிர்களைச் சுழற்றியது. அடுத்தடுத்து வந்த இயந்திரங்களால் நூற்பு வீட்டை விட்டு ஆலைக்குப் போனது. தொழில் போனது, பெயர் தங்கியது. உள்ளே இருந்த உழைப்பு மறந்துபோனது, வசையே மிஞ்சியது.

2005 டிசம்பரில் இங்கிலாந்து, வேல்ஸ் திருமணப் பதிவேடுகளில் இந்தச் சொல்லுக்கு விடை கொடுத்து, ஆண், பெண் இருவருக்கும் ‘சிங்கிள்’ என்று எழுதத் தொடங்கினார்கள். பெண்ணைச் சிறுமைப்படுத்திய சொல் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பழைய கதை ஒன்றில் அந்தச் சொல் எதிர்ப்பட்டால், ‘ஸ்டர்’ என்ற அந்த வாலில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மேலே படிக்கிறேன். தன் கையால் நூற்று, தன் சோற்றைத் தானே உண்டவளின் பெயர் அது.