வீட்டு ஈ ஒழிப்பு: பிராணிகள் வளரும் வீடுகளில்

வீட்டு ஈ (மஸ்கா டொமஸ்டிகா) மனிதர் குடியிருக்கும் இடமெங்கும் பெருகும் பூச்சி. 1758இல் லின்னேயஸ் இதற்கு இந்த அறிவியல் பெயரை இட்டார். இது கடிப்பதில்லை. மலத்திலும் அழுகலிலும் மொய்த்த காலோடு சோற்றில் வந்து உட்கார்ந்து சீதபேதி, டைபாய்டு, காலராக் கிருமிகளைச் சேர்ப்பதே இதனால் வரும் கேடு. பெண் ஈ ஒரு தடவைக்கு 100 முட்டை அளவில், வாழ்நாளில் 500 வரை இடும். வெயில் காலத்தில் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, 7 முதல் 10 நாளில் ஈயாகிறது.

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும், கார்த்திகை தீபத்தின்போது இன்னும் பெருமளவிலும், 14 கி.மீ. கிரிவலப் பாதையில் கூட்டம் நிறைகிறது. அன்னதான இலைகளும் மிச்சச் சோறும் மாட்டையும் தெருநாயையும் குரங்கையும் ஈர்க்கின்றன. அவற்றோடு ஈயும் வருகிறது. பிராணிகளைத் துரத்தி ஈயை ஒழிக்கும் யோசனை இந்த ஊருக்குப் பொருந்தாது. 1948இல் இறந்த பசு லட்சுமிக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும், ஒரு காகத்துக்கும்கூட இங்குள்ள ரமணாசிரமத்தில் சமாதி உண்டு.

பறக்கும் ஈயை அடிப்பதைவிட அது பிறக்கும் இடத்தைக் கெடுப்பதே பலன் தரும். புழு வளர ஈரம் வேண்டும். சாணத்தைக் குவித்து வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் புழு நெளியும்; அன்றன்றே வறட்டி தட்டி வெயிலில் காயவைத்தால் புழு பிழைக்காது. நாயின் மலத்தையும் பூனையின் மணல் தட்டையும் தினமும் அப்புறப்படுத்த வேண்டும். நாய் தின்று மீந்த சோற்றைத் தட்டில் விட்டுவைக்கக் கூடாது. குப்பை வாளிக்கு இறுக்கமான மூடி, சன்னலுக்கு வலை, சாப்பாட்டு இடத்தில் மின்விசிறி போதும். காற்று வீசும் இடத்தில் ஈயால் நிலையாக உட்கார முடியாது. ஒட்டும் அட்டையைப் பிராணிக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடலாம்.

நல்ல எண்ணத்தில் செய்யும் சில காரியங்கள்தான் பிராணியைக் கொல்கின்றன. பினாயில் துடைத்த தரையில் நடந்த பூனை பாதத்தை நக்கும். அந்த நஞ்சை முறிக்கும் திறன் அதன் கல்லீரலுக்குக் குறைவு. நாய்களுக்கான உண்ணி மருந்துகள் சிலவற்றிலும் பூச்சித் தெளிப்பான்களிலும் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை வரவழைக்கும். மீன்தொட்டியில் பட்டால் மீன்கள் சாகும். கற்பூரத்தைத் தின்றால் நாய்க்கும் ஆபத்து. சாம்பிராணிப் புகை ஈயைக் கொஞ்ச நேரம் விலக்கும், ஆனால் கூண்டுக் கிளியின் நுரையீரலுக்கு ஆகாது.

தொழுவத்தில் பெருகும் ஸ்டோமாக்சிஸ் ஈ, பார்வைக்கு வீட்டு ஈயைப் போலவே இருந்தாலும், கடித்து ரத்தம் குடிக்கும். நாயின் காது நுனி புண்ணாவதற்கு இது ஒரு காரணம். திறந்த புண்ணில் வேறு சில ஈக்கள் முட்டையிட, ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். அதில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நாப்தலின் உருண்டையைப் பொடித்துத் தூவுவதும் கொடுமையான வைத்தியம். அன்றே அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.