குவித்து வைக்க இடமில்லாத கோபுரம்

நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில், பழைய வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலை இடித்துவிட்டு, 1930 மார்ச் 17 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வேலையைத் தொடங்கினார்கள். மனை சுமார் 2 ஏக்கர். எழப்போவதோ 102 மாடி. அடித்தளமே மனை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். சுற்றிலும் ஓயாத போக்குவரத்து. தெருவில் சரக்கை இறக்கிப் போட வழியில்லை. வரவேண்டியவையோ 57,000 டன் எஃகும் 1 கோடி செங்கல்லும்!

ஒப்பந்தம் எடுத்த ஸ்டாரெட் பிரதர்ஸ் அண்ட் ஈக்கன் நிறுவனத்தார் இதற்கு ஒரே விடை கண்டார்கள்: எந்தச் சரக்கும் தேங்கக் கூடாது.

பென்சில்வேனியா ஆலைகளில் தயாரான உத்தரங்களும் தூண்களும் நியூ ஜெர்சிக் கிடங்கில் காத்திருந்தன. முறை வந்ததும் படகில் ஆற்றைக் கடந்து, லாரியேறி, குறித்த நேரத்தில் மனைக்கு வந்தன. எந்த இடத்தில் பொருத்துவது, எந்தக் கிரேன் தூக்குவது என்பது ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருந்தது. வந்தது வந்தபடியே மேலே போயிற்று.

செங்கல்லுக்குச் செய்த ஏற்பாடு இன்னும் நேர்த்தி. அந்நாளில் செங்கல்லைத் தெருவோரம் கொட்டிக் குவித்து, தள்ளுவண்டியில் அள்ளிப் போவதே வழக்கம். இங்கே லாரி தரைத்தளத்துக்குள்ளேயே நுழைந்தது. கொட்டிய செங்கல் சரிவுப் பாதை வழியே நிலவறையிலிருந்த பெருந்தொட்டிக்குள் உருண்டது. தேவைப்படும்போது தொட்டியின் அடிவாயைத் திறந்தால், கீழே நிற்கும் வண்டியில் செங்கல் விழும். வண்டி சரக்குத் தூக்கியில் ஏறி உரிய மாடிக்குப் போகும். அங்கே தளத்திலேயே பதித்த சிறு தண்டவாளத்தில் தள்ளினால் கொத்தனாரின் கைக்கெட்டும் இடத்தில் வந்து நிற்கும். மற்றச் சரக்குகளும் இந்தத் தண்டவாளங்களில்தான் ஓடின.

ஆட்களையும் கணக்கில் எடுத்தார்கள். உச்சகட்டத்தில் ஒரே நாளில் 3,400 பேர் வேலை செய்தார்கள். சாப்பாட்டுக்காக அத்தனை பேரும் கீழே இறங்கி ஏறினால் தூக்கிகள் அடைபடும், பொழுதும் போய்விடும். அதனால் மேல்மாடிகளிலேயே தற்காலிக உணவகங்கள் திறந்தார்கள். கட்டடம் உயர உயர உணவகங்களும் உயர்ந்தன.

சராசரியாக வாரத்துக்கு நாலரை மாடி எழும்பியது. 1931 மே 1 அன்று திறப்பு விழா. அதிகாரபூர்வக் கணக்குப்படி வேலையின்போது 5 பேர் உயிரிழந்தனர். அந்த இழப்பையும் சேர்த்துத்தான் இந்தச் சாதனையை எடைபோட வேண்டும். வேகத்துக்குப் பொருளாதார மந்தத்தில் வேலைக்கு ஏங்கிய தொழிலாளரின் உழைப்பும் காரணம், எளிய வடிவமைப்பும் காரணம். ஆனால் வேலை ஓரிடத்திலும் முட்டி நிற்காமல் போனதற்குக் காரணம், கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தையே பாதையாகவும் கிடங்காகவும் ஆக்கிக்கொண்ட அந்த முன்திட்டம்தான்.